துத்தநாகம் பூசிய முப்பது அடி

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். துறைத் தலைவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி, சுழல்நாற்காலியில், வெளிச்சம் தன் முகத்தில் விழாதபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே, சாம்பல் நிற இரும்பு அலமாரியில் முதுகு உரச, மூத்த ஆய்வாளர். இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து தொங்கும் என்பதால், அவர் இல்லாத இடங்களில் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இளைய ஆய்வாளன். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு, இடது புருவத்தின் மேல் ஐந்து தையல். சிங்க்கை ஒட்டி, உயரமான ஸ்டூலில், கண்ணாடிச் சாமான் கழுவும் பிரஷ் அக்கா. காவலாளி உட்காரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். ஆறாவது ஆள், தலைவருக்கு இடப்பக்கம் குறிப்பேட்டோடு இருந்த துறை எழுத்தர். இந்த வரிசையை எழுதிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அவள் சாவிக்காரரின் மனைவி. கட்டுப் போட்ட கையோடு கதவருகே இருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

கணவன் தம்பியை அடித்த வழக்குக்கு மனைவியே குறிப்பெழுதுவது முறையா என்று தலைவருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்தத் துறைக்கு எழுத்தர் ஒருத்திதான். காவலாளிக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். தலைவரின் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர்கூடப் படிக்க முடியாது. ஆகவே அவள் எழுதினாள். தேதி, கிழமை, காலை ஒன்பதரை மணி, கூட்ட அறைக் கூரை ஒழுகுவதால் இடம் மாற்றப்பட்டு ஆய்வகத்தில் என்று ஒன்றும் விடாமல் எழுதினாள். வலது கை விரல்கள் மூன்று வீங்கியிருந்ததால் எழுத்து வழக்கத்தைவிடச் சாய்ந்து விழுந்தது.

அந்த ஆய்வகத்தின் பிழைப்பு ஒரு வெள்ளைத் தூளை நம்பி இருந்தது. தண்ணீரில் போட்டால் சர்க்கரை போலக் கரைந்துவிடும். கரைந்த பிறகு பார்த்தால் வெறும் தண்ணீர்தான். ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு பக்கமும் கை உண்டு. துத்தநாக அயனி ஒன்று வந்து சேர்ந்தால் போதும், இந்தப் பக்கத்துக் கையும் அந்தப் பக்கத்துக் கையும் அதைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடித்துப் பிடித்து நீளமான சங்கிலி ஆகிவிடும். கொஞ்சம் துத்தநாகம் சேர்ந்தால் புற ஊதா விளக்கின் கீழே நீலமாக ஒளிரும், நிறையச் சேர்ந்தால் புட்டியைக் கவிழ்த்தாலும் கொட்டாத கூழாகிவிடும். துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் மருந்தை ஊற்றினால் பிடி விட்டுப்போய்த் திரும்பவும் தண்ணீராகிவிடும். வேறு எந்த உலோகத்துக்கும் அது அசையாது என்பதுதான் அதன் பெருமை. ஒரு சொட்டுத் தண்ணீரில் துத்தநாகம் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தூளைக் கேட்டால் போதும், சொல்லிவிடும்.

இதில் சாவிக்காரரும் தம்பியும் தனித்தனி மேசையில் ஒரே வேலையைச் செய்தார்கள். இரண்டு பேர் கையிலும் ஒரே விடை வந்தால்தான் அது விடை என்பது தலைவர் வைத்த ஏற்பாடு. அக்காள் புருஷன் என்ற உரிமையில் சாவிக்காரர்தான் மச்சானை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டார். முதல் வருஷம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். இரண்டாம் வருஷம் தம்பிக்கு நல்ல பெயர் வர ஆரம்பித்ததும் சாவிக்காரர் அலமாரிக்குப் பூட்டுப் போட்டார்.

வந்த வினை வெற்றுப் புட்டியில் இருந்தது. எந்தச் சோதனைக்கும் ஒரு புட்டியில் ஒன்றும் சேர்க்காமல் வெறுமனே வைப்பார்கள். அது இருட்டாக இருக்க வேண்டும். ஏழு வாரமாகச் சாவிக்காரரின் வெற்றுப் புட்டி ஒளிர்ந்தது. துத்தநாகத்தைக் காட்டாமலேயே நீலம். தம்பியின் மேசையிலோ வெற்றுப் புட்டி இருட்டாகவே இருந்தது. சாவிக்காரர் புதுத் தூள் மாற்றினார், புது மூடி மாற்றினார், இரண்டாவது பூட்டு வாங்கினார். நீலம் போகவில்லை. யாரோ தன் புட்டிகளில் துத்தநாக உப்பைத் தடவி வைக்கிறார்கள் என்று தலைவருக்குப் புகார் எழுதினார். யாரோ என்றுதான் எழுதினார். வீட்டில் பெயரைச் சொல்லியே திட்டினார்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அது வெடித்தது. எழுத்தரின் மேசை ஆய்வகத்துக்கு வெளியே நடைவழியில். முதலில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அது அங்கே புதிதில்லை. பிறகு தம்பியின் குரல், மாமா, மாமா என்று இரண்டு தரம். இரண்டாவது குரல் பாதியில் தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, சாவிக்காரர் தம்பியின் பிடரியைப் பிடித்து, வடித்த தண்ணீர் இருந்த இருபது லிட்டர் கேனின் குழாய்க்குக் கீழே, நிரம்பிய தட்டுக்குள் அவன் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நீ கலந்ததுதானே. குடி."

தம்பி தலையைத் தூக்கினான். அவர் அவன் நெற்றியை மேசை விளிம்பில் ஒரு தரம் மோதினார், தேங்காய் உடைப்பது போல நிதானமாக. புருவம் பிளந்து ரத்தம் தட்டுத் தண்ணீரில் இழை இழையாக இறங்கியது. அவள் கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் அவள் மார்பில் இடித்தார். மூச்சு அடைத்து அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி தப்பிக்க சிங்க்கின் விளிம்பை வலது கையால் பற்றினான். சாவிக்காரர் இடுப்பால் அவனைச் சிங்க்கோடு நெருக்கியபடி, இரும்பு ஸ்டாண்டிலிருந்து கம்பியைத் திருகிக் கழற்றினார். அதைத் திருகிக் கழற்ற எட்டு ஒன்பது சுற்று ஆகும். அத்தனை சுற்றுக்கும் அவருக்கு அவகாசம் இருந்தது, கோபம் குறையவில்லை. கழற்றிய கம்பியை அந்தக் கையின் மேல் இறக்கினார். ஒரு தரம். கை விடவில்லை. இன்னொரு தரம். மூன்றாவது தரம் விட்டது. காவலாளி ஓடி வந்து இடுப்போடு பிடித்துத் தூக்கியபோதும் கம்பி காற்றில் வீசிக்கொண்டே இருந்தது.

முறிந்தது மூன்று விரல், போனது இரண்டு பல். தலைவர் அன்று மதியமே ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியையும் சாவிக்காரரின் கரைசல் ஜாடியையும் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை விசாரணை என்றார். அதற்குள்ளேயே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார் என்பது அவளுக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதிய அழைப்புக் கடிதத்திலேயே தெரிந்தது. பொருள் என்ற இடத்தில், தாக்குதல் என்று அவள் எழுதியதை அடிக்கச் சொல்லி, சோதனைப் பொருள்களைக் கெடுத்தது பற்றியும் அதைத் தொடர்ந்த கைகலப்பு பற்றியும் என்று மாற்றச் சொன்னார். கெடுத்தவன் என்று முத்திரை விழுந்தால் தம்பியை எந்த ஆய்வகமும் வாசலில்கூட நிற்க விடாது. ஆறு வருஷப் படிப்பு, கைவிரல் மூன்று, எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும்.

மருத்துவமனையில் தம்பி வாயின் ஒரு பக்கத்தால் பேசினான். வலியைவிட அவனுக்குக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

"வெத்துப் புட்டி ஒளிருதுன்னா எங்கியோ துத்தநாகம் இருக்குக்கா. தூள் பொய் சொல்லாது. நான் போடல. அப்ப எங்கேருந்து வருது?"

அவளுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் தான் எழுதிய காகிதம் ஒவ்வொன்றும் நினைவிருக்கும். துத்தநாகம் என்ற சொல்லை, இப்போது தம்பி சொல்லும்வரை, ஆய்வுக்காரர்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவர்கள் ஜிங்க் என்பார்கள். அந்தச் சொல்லை அவள் தன் கையால் ஒரே ஒரு முறைதான் எழுதியிருந்தாள். எங்கே என்று யோசித்தபடியே தம்பிக்குக் கஞ்சி ஊட்டினாள். பாதிக் கிண்ணத்தில் நினைவு வந்தது. தம்பியிடம் சொல்லவில்லை. அவன் வாயில் ஒன்றும் தங்காது. சொல்லியிருந்தால் கட்டுப் போட்ட கையோடு அன்றைக்கே கணவரின் முன்னால் போய் நின்று மிச்சப் பல்லையும் கொடுத்துவிட்டு வந்திருப்பான்.

சனிக்கிழமை நடைவழி அலமாரியைத் திறந்து, பராமரிப்புக் கோப்பைப் புரட்டினாள். இருந்தது. மாடித் தொட்டியிலிருந்து ஆய்வகச் சிங்க் வரை பழைய குழாயை எடுத்துவிட்டு, துத்தநாகம் பூசிய புது இரும்புக் குழாய் முப்பது அடி போடப்பட்டது. தேதியையும் பார்த்தாள். கணவர் முதல் புகார் எழுதிய தேதியையும் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நாள்.

ஞாயிற்றுக்கிழமை, பால் வாங்கப் போன வழியில், பிரஷ் அக்கா வீட்டுக்குப் போனாள். கேட்டது இரண்டு கேள்வி. சாவிக்காரர் தன் புட்டிகளைக் கழுவக் கொடுக்கிறாரா? இல்லை, வருஷப் பிறப்பிலிருந்து கொடுப்பதில்லை, காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து தானே கழுவிக்கொள்கிறார். கடைசி அலசலுக்கு வடித்த தண்ணீர் எடுக்கிறாரா? பிரஷ் அக்கா சிரித்தாள்.

"அந்தக் கேன் உன் தம்பி மேசையிலதானே இருக்கு. அதைத் தொட்டா விஷம்னு நினைக்கிறாரு மனுஷன். குழாயத் திறந்து அலசி அப்படியே கவுத்து வச்சுடுவாரு. சிங்க் மேல ஒரு விதிமுறை ஒட்டியிருக்கே, குழாய்த் தண்ணி மூணு தரம், வடிச்ச தண்ணி மூணு தரம்னு, அத எழுதினது யாருன்ற?"

எழுதியவர் சாவிக்காரரே; அவருக்குத்தான் எழுத்தர் அதை நான்கு தரம் திருத்தித் திருத்திப் படி எடுத்துக் கொடுத்திருந்தாள். நாளைக்கு நான் வரும்வரை அந்தக் குழாயை யாரும் திறக்கக் கூடாது என்று மட்டும் பிரஷ் அக்காவிடம் சொல்லிவிட்டு, பாலோடு வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சமையலறையில், சாவிக்காரர் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர் தேநீர் போட்டுக் கொடுத்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று எட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரியும். விசாரணைக் குறிப்பில் தற்காப்பு என்று ஒரு சொல் இருக்க வேண்டும் என்றார். நடந்ததைத்தான் எழுதுவேன் என்று அவள் சொன்னாள், தேநீரைக் குடித்தபடி, சத்தம் உயர்த்தாமல். அவர் அவளுடைய வலது கையை எடுத்து, கரண்டி வைக்கும் இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் இழுப்பறையை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். விரல் எலும்பு மரத்தில் நெரிகிற இடம் வந்ததும் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அவள் மறு கையிலிருந்த தம்ளர் விழுந்து, சூடான தேநீர் அவள் பாதத்தில் சிந்தியது.

"எழுதற அளவுக்கு மட்டும் விட்டு வைக்கிறேன்" என்றார். பிறகு தம்ளரை எடுத்துக் கழுவி, துடைத்து, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆகவே இப்போது அவள் வீங்கின விரலோடு எழுதிக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் பேசினார். நன்றாகப் பேசினார், அவருக்குப் பேசத் தெரியும். ஏழு வாரத்துக் கணக்கை நாள் வாரியாக அடுக்கினார். தன் புட்டி ஒளிர்கிறது, அவன் புட்டி ஒளிரவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே தூள், ஒரே அறை. வித்தியாசம் ஒன்றுதான்: தன்னைக் கெடுக்க அவனுக்குக் காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை அதைக் கேட்டதற்கு அவன் முதலில் கையை ஓங்கினான். தலைவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார்.

தலைவர் தம்பியிடம் திரும்பி, போட்டாயா இல்லையா என்று கேட்டார். போடவில்லை என்றான். அப்படியானால் எப்படி வந்தது என்று கேட்டார். தம்பி தன் கட்டைப் பார்த்துக்கொண்டான். ஒரு வேதியியல்காரனுக்கு, தெரியாது என்று சொல்வதைவிட அவமானம் இல்லை.

"தெரியல சார்."

"அவ்வளவுதானே" என்றார் தலைவர். எழுத்தரைப் பார்த்து, எழுதிக்கொள் என்பது போல விரலை அசைத்தார்.

எழுத்தர் பேனாவை மூடி வைத்தாள்.

"சார், கோப்புல ஒரு காகிதம் இருக்கு. அதையும் சேர்த்துக்கணும்."

கணவர் அவளைப் பார்த்தார். சாவிக்கொத்து லேசாகக் கிணுங்கியது. அவள் பராமரிப்புத் தாளை எடுத்துத் தலைவரின் முன்னால் வைத்து, படிக்க முடியாதவருக்குப் படித்துக் காட்டுவது போல, தேதியையும் முப்பது அடியையும் துத்தநாகத்தையும் வாசித்தாள். அந்தப் புகாரின் தேதியை அதன் பக்கத்தில் வைத்தாள். பிரஷ் அக்கா கேட்காமலேயே எழுந்து, வருஷப் பிறப்பிலிருந்து அந்த ஐயாவின் புட்டிகள் தன் கைக்கு வரவில்லை என்றும், காலையில் முதல் ஆளாக வந்து, ராத்திரியெல்லாம் குழாயில் ஊறிக் கிடந்த தண்ணீரிலேயே அலசிக் காய வைக்கிறார் என்றும் சொன்னாள். பழைய குழாய் உள்ளே பாசியும் துருவும் படிந்து கிடந்தது, பூச்சு என்று ஒன்று மிச்சமில்லை. புதுக் குழாய் அப்படியில்லை, அதன் பூச்சு தண்ணீரில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அவர் ஒரு காலத்தில் நல்ல வேலைக்காரர், கை பழசை மறக்கவில்லை. தன் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்த சாவிக்காரரின் கரைசல் ஜாடியைத் தானே கொண்டுவரப் போனார். வந்து, பிரஷ் அக்கா கழுவி வைத்திருந்த மூன்று புட்டியில் அதை ஒரே அளவு ஊற்றினார். பிரஷ் அக்கா நான்கு நாளாகத் திறக்காத குழாயைத் திறந்து முதல் கை நீரை ஒரு குவளையில் பிடித்தாள். முதல் புட்டியில் அதில் சில சொட்டு. இரண்டாவதில் கேனிலிருந்த வடித்த தண்ணீர் அதே அளவு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. காவலாளி திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார். தலைவர் ஊதா விளக்கைப் போட்டார்.

இரண்டாவதும் மூன்றாவதும் கறுப்பு. முதல் புட்டி மட்டும் நீலமாக நின்றது, யாரோ உள்ளே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது போல.

தம்பி சிரித்துவிட்டான். பல்லில்லாத வாயால் அது காற்றாகத்தான் வந்தது. "பைப்பா" என்றான். "அட, பைப்பு."

இன்னும் ஒரே ஒரு சோதனை மிச்சம் என்றார் தலைவர். பூட்டியிருக்கும் அலமாரியிலிருந்து, காய்ந்த புட்டி ஒன்று வேண்டும், சாவி கொடுங்கள் என்றார்.

சாவிக்காரர் எழுந்தார். நீல வெளிச்சம் அவர் தாடையில் மட்டும் பட்டது. அவருக்கு எல்லோருக்கும் முன்னாலேயே புரிந்துவிட்டது என்று எழுத்தருக்குத் தெரிந்தது. புட்டி ஒளிர்ந்த கணத்தில் அவர் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். ஒரு நொடி, அவர் அழுதுவிடுவார் என்றுகூட நினைத்தாள். அவர் சாவியை எடுக்கவில்லை, தலைவரைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை.

"பைப் மாத்தினது உனக்குத் தெரியும்" என்றார் அவளிடம். "ஏழு வாரம் பக்கத்துலயே படுத்திருந்த. வாயத் தொறக்கல."

சொல்லி முடிப்பதற்குள் விளக்கைப் பிடுங்கி அவள் முகத்தை நோக்கி வீசினார். அது காதோரம் பட்டு, சுவரில் மோதி வெடித்தது. இருட்டில் நாற்காலி விழுந்தது. அவள் தலைமுடி பிடிபட்டது, நெற்றி குறிப்பேட்டின் மேல் போய் இடித்தது, ஒரு தரம், இன்னொரு தரம். வாயில் மையும் ரத்தமும் சேர்ந்து கரித்தன. மூன்றாவது தரம் விழவில்லை. தம்பி இடது கையால் அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் தொங்கினான். அவர் குனிந்து அவனை முன்பக்கமாகப் புரட்டித் தரையில் போட்டு, மாவுக்கட்டின் மேல் காலை வைத்து மிதித்தார். கட்டு உடையும் சத்தம், பிறகு தம்பி போட்ட சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பெயர் கிடையாது. காவலாளி பாய்ந்தார். சாவிக்கொத்து சங்கிலியோடு சுழன்று வந்து அவர் கன்னத்தைக் கிழித்தது. தலைவர் திரைக்குள் பாதி உடம்பைச் சுற்றிக்கொண்டு, நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். திரை கிழிந்து வெளிச்சம் உள்ளே வந்தது.

வெளிச்சத்தில் சாவிக்காரர் கேனைத் தூக்கினார். இருபது லிட்டர். தலைக்கு மேல் தூக்கி, தரையில் கிடந்த தம்பியைக் குறி பார்த்தார். பிரஷ் அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். நீளமான குடுவைக்குள் விடுவதற்காகக் கம்பிப் பிடி போட்ட, மூன்றடி நீளப் பிரஷ் அவள் கையில் இருந்தது. அவசரப்படவில்லை. பிடியை அவர் முழங்கால் மடிப்பில் வைத்து ஓங்கி ஒரு அடி, அடுத்த காலுக்கு இன்னொரு அடி. கால் மடங்கியது. கேன் அவருக்குப் பின்னால் விழுந்து பிளந்து, சுத்தமான தண்ணீர் அறை முழுக்க ஓடியது. அதில் வழுக்கி அவர் தன் அலமாரியின் மேலேயே போய் விழுந்தார். அலமாரி ஆடியது, சுவரிலிருந்து விலகியது, அவருக்குப் பக்கத்தில் முகம் குப்புறச் சாய்ந்தது. உள்ளே, இரண்டு பூட்டுக்குப் பின்னால், அவர் தன் கையால் கழுவின புட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தன. உடைந்து முடிய வெகு நேரம் ஆனது.

காவலாளி அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து, மேசையில் கிடந்த ரப்பர்க் குழாயால் கைகளைக் கட்டினார். சேமிப்பறைக்குள் தள்ளி, அவருடைய கொத்திலேயே சரியான சாவியைத் தேடி எடுத்துப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தார். உள்ளேயிருந்து சாவிக்காரர் கதவை உதைத்துக்கொண்டே இருந்தார். அந்த உதை பிறகு காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை நிற்கவில்லை. எல்லோரும் அதற்கு நடுவிலேயே பேச வேண்டியிருந்தது.

தலைவர் சுழல்நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார். குழாய் விஷயம் போதும், தம்பி மேல் குற்றமில்லை என்று எழுதிவிடலாம், மற்றது குடும்ப விவகாரம், அதைக் காகிதத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்றார். தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பத்தி போதும் என்று வாசகம் சொல்ல ஆரம்பித்தே விட்டார். அவள் எழுதவில்லை. அவர் கெஞ்சுகிற குரலுக்கு வந்தார்.

"உன் புருஷன்மா."

"ஆமா சார். அதையும் எழுதியிருக்கேன்."

அவள் ரத்தம் படிந்த பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. அதை இணைப்பு ஒன்று என்று குறித்து, புதுத் தாளில் எழுத ஆரம்பித்தாள். வலது கை ஒத்துழைக்கவில்லை, எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். இருந்தவர்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். புட்டி மூன்று, ஒளிர்ந்தது ஒன்று. குழாய், தேதி. பிறகு விளக்கு, நெற்றி இரண்டு தரம், மாவுக்கட்டு, காவலாளியின் கன்னம். வியாழக்கிழமையின் கம்பி, மூன்று தரம். காலை ஏழு மணி, சமையலறை, இழுப்பறை; அந்த வரிக்கு வந்தபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டுச் சற்று ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அதையும் எழுதினாள். எட்டு வருஷத்தில் மற்றவை என்று ஒரு தலைப்பிட்டு, நினைவிலிருந்த தேதிகளை வரிசையாகப் போட்டாள். அது ஒரு பக்கத்தைத் தாண்டியது. கூட்டம் முடியும்போது யார் எங்கே இருந்தார்கள் என்று கடைசியில் திரும்ப எழுதினாள்: மூத்த ஆய்வாளர், சேமிப்பறையில், வெளியே பூட்டு.

பிரஷ் அக்கா கையெழுத்துப் போட்டாள். காவலாளி போட்டார், கன்னத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே. தம்பி இடது கையால் ஒரு கிறுக்கல். தலைவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். வந்திருந்தவர் கையெழுத்திட மறுத்தார் என்று எழுத அதே அளவு இடம்தான் வேண்டும் என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். அவர் போட்டார். யாராலும் படிக்க முடியாதபடி.

படி இரண்டு. ஒன்று காவல் நிலையத்துக்கு, ஏற்கெனவே வாசலில் வந்து நின்ற ஆளின் கையில். இன்னொன்று தலைமை அலுவலகத்துக்கு. தாள்களை மடித்து உறைக்குள் வைத்தாள். உறை வாயில் காய்ந்த பசை இருந்தது, அவள் நாக்கில் ஈரமில்லை. பிரஷ் அக்கா பஞ்சைக் குழாயில் நனைத்துக் கொண்டுவந்து பசையின் மேல் தேய்த்தாள்.

தம்பி சுவரோரம் தரையில் படுத்திருந்தான், ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கொண்டு. கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "அது அந்தக் குழாய்த் தண்ணிக்கா. அதுல துத்தநாகம் இருக்கு."

"ஒட்டிக்கும்ல?" என்றாள் பிரஷ் அக்கா. "அது போதும்."

எழுத்தர் மடிப்பை அழுத்தினாள். விரல் வலித்தது, உள்ளங்கையால் அழுத்தினாள். துறை முத்திரையை மடிப்பின் மேல் குத்தினாள், பாதி உறையிலும் பாதி மடிப்பிலும் விழும்படி. மதியத் தபாலுக்குப் பையோடு வந்தவர், அவள் நெற்றியையும் ஈரத் தரையையும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் அனுப்புகைப் பதிவேட்டில் எண்ணைக் குறித்துவிட்டு, உறையை அவர் பைக்குள் தானே போட்டாள்.